தாமரைக் கோபுரமா, புங்குடுதீவா?

எங்கள் உயர்தர வகுப்பின் கல்விச் சுற்றுலாவுக்கு இடம் தெரிவுசெய்யும் நாளில் ஆசிரியை வெண்பலகையின் நடுவே ஒரு கோடு கீறினார். ஒரு பக்கம் ‘கொழும்பு’ என்றும் மறுபக்கம் ‘யாழ்ப்பாணமும் தீவுகளும்’ என்றும் எழுதினார். வகுப்பில் நாங்கள் 33 பேர். கொழும்புக்கு 24 கைகள் உயர்ந்தன. யாழ்ப்பாணத்துக்கு 9. அந்த 9இல் என் கையும் ஒன்று.

நாங்கள் புத்தளத்தில் இருப்பவர்கள். தெற்கே ஏறத்தாழ 130 கிலோமீற்றரில் கொழும்பு. வடக்கே அதைப்போல் இருமடங்கு தூரத்தில் யாழ்ப்பாணம். ஒன்று நாட்டின் பெருநகரம், மற்றது பழைய இராசதானி. நான் தோற்ற பக்கத்தில் இருந்தாலும், அல்லாஹ்வின் நாட்டத்தால் அதே ஆண்டில் இரண்டு இடங்களையும் பார்க்கக் கிடைத்தது. முதலில் வகுப்போடு கொழும்புக்குப் போனேன். பிறகு ஓகஸ்ட் விடுமுறையில் குடும்பத்தோடு யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து புங்குடுதீவுக்குப் போனேன். இனிச் சுற்றுலாவுக்கு இடம் தேடப்போகும் தங்கைமாருக்கும் அவர்களின் பெற்றோருக்கும் உதவக்கூடும் என்று நான் கண்டதை இங்கே எழுதுகிறேன்.

கொழும்பை ஏன் கேட்டார்கள்?

கொழும்புக்குக் கை உயர்த்தியவர்களின் காரணங்களை முதலில் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒரே நாளில் போய் வரலாம். தங்குமிடச் செலவு இல்லை. ஹலால் சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும் இடம் தேடி அலையத் தேவையில்லை. இரவுப் பயணம் இல்லாததால் பெற்றோரும் இலகுவில் சம்மதிப்பார்கள். பொறியியல் படிக்க ஆசைப்படும் என் பக்கத்து மேசைத் தோழி இன்னொரு காரணமும் சொன்னாள். “பழைய இடத்துக்குப் போனா செத்தவங்களப் பத்தித்தான் கதைப்பாங்க. எனக்கு இனி வரப்போறதப் பார்க்கணும்” என்றாள். அவள் சொன்னதில் பிழையில்லை.

தாமரைக் கோபுரம் 350 மீற்றருக்கும் மேற்பட்ட உயரமுடையது. 2022 செப்டெம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. லிப்டில் ஏறும்போது காது அடைத்தது. மேலே போனதும் முதலில் எல்லோரும் படம் எடுத்தோம், பிறகுதான் பார்த்தோம். ஒரு பக்கம் துறைமுகம். அதற்கு அருகே கடலை நிரப்பி உண்டாக்கிய துறைமுக நகரம். அது மட்டும் 269 ஹெக்டேயர். கடலடியிலிருந்து மணலை உறிஞ்சி எடுத்துக் கொட்டி நிலமாக்கினார்கள் என்றும், அந்த மணலை அலை அரித்துக்கொண்டு போகாமல் வெளியே கல்லால் அலைதடுப்புக் கட்டினார்கள் என்றும் தோழி எங்களுக்கு விளக்கினாள். வகுப்பில் வாய் திறக்காதவள் அங்கே ஓர் ஆசிரியையைப் போலப் பேசினாள். ஒரு பெருநகரம் செய்யக்கூடிய நல்ல காரியம் இதுதான் என்று நினைக்கிறேன். மனிதரால் எவ்வளவு முடியும் என்பதைக் கண்ணெதிரே காட்டி, ‘என்னாலும் முடியுமா?’ என்று கேட்க வைக்கிறது.

ஆனால் கொழும்பு முழுவதும் புதியது என்று நினைத்துப் போன எனக்கு அங்கேயே ஒரு திருத்தம் கிடைத்தது. புறக்கோட்டையில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் சம்மாங்கோட்டார் பள்ளிவாசல் 1909இல் கட்டி முடிக்கப்பட்டது. 1877இல் திறக்கப்பட்ட தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு கல் இருக்கிறது. சீனத் தளபதி செங் ஹ என்பவர் கொண்டுவந்த மும்மொழிக் கல்வெட்டு அது. அதில் பொறித்திருக்கும் ஆண்டு 1409. கண்டெடுத்தது காலியில், 1911இல். செங் ஹ ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். கல்லிலே சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாருக்கும் செலுத்திய காணிக்கைகளைச் சொல்கிறது. பாரசீகப் பகுதி இஸ்லாத்தைப் போற்றுகிறது. தாமரைக் கோபுரத்தில் அரை மணித்தியாலம் நின்ற நாங்கள் அந்தக் கல்லின் முன் நின்றது ஐந்து நிமிடம். அடுத்த முறை போகிறவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். 1344இல் மாலைதீவிலிருந்து வந்த இப்னு பதூதா இந்நாட்டில் முதலில் கரையிறங்கிய ஊரை ‘பட்டாலா’ என்று எழுதுகிறார். அது எங்கள் புத்தளம் என்றே ஆய்வாளர் கொள்வர். அங்கே அவரை வரவேற்று உபசரித்து, பாவா ஆதம் மலைக்குப் போக ஆளும் பல்லக்கும் கொடுத்தவர் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி. திரும்பும் வழியில் அவர் கொழும்பையும் கண்டு, செரந்தீபின் அழகிய பெரிய நகரங்களில் ஒன்று என்று குறித்தார். வெண்பலகையின் நடுவே நாங்கள் கீறிய கோட்டின் இரு பக்கங்களையும் ஒரே பயணத்தில் தொட்டவர் அவர்.

உம்மும்மாவின் கொப்பி

நான் யாழ்ப்பாணத்துக்குக் கை உயர்த்தியதற்கு ஒரு காரணம் இருந்தது. என் உம்மும்மா யாழ்ப்பாணம் சோனகத்தெருவில் பிறந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் ஆயுதமுனையில் வெளியேற்றப்பட்டபோது, ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்தவரும் சில மணித்தியாலங்களுக்குள் புறப்பட நேர்ந்தது. உடுப்புப் பையோடு மூத்தாப்பா எடுத்துக்கொண்டு வந்த ஒரே பொருள் ஒரு கணக்குக் கொப்பி. அவர் சைக்கிளில் புடவைக்கட்டைக் கட்டிக்கொண்டு தீவுப் பகுதிக்குப் போய் வியாபாரம் செய்தவர்.

அந்தக் கொப்பியில் கடைசியாக எழுதிய வரி இது: “புங்குடுதீவு, கிணற்றடி வேம்பு வீடு. மகளின் கூறைச்சேலை. முற்பணம் பாதி பெற்றேன்.” சேலையைக் கொண்டுபோய்க் கொடுக்குமுன் ஊரை விட்டு வந்துவிட்டார். நான் பிறப்பதற்கு முன்பே அவர் மவுத்தாகிவிட்டார். மவுத்தானவரின் கடனை அடைக்க வேண்டியது பின்னால் இருப்பவர்களின் பொறுப்பு என்று மார்க்கம் சொல்கிறது. உம்மும்மா ஒவ்வொரு நோன்பிலும் அந்த வரியை எடுத்துப் பார்ப்பார். வகுப்புச் சுற்றுலா அங்கே போகாது என்று நான் சொன்னபோது, “அப்ப நாம போவம் மகள்” என்றார்.

தீவுக்குப் போகும் வழி

சோனகத்தெருவில் மீளக் குடியேறிய உறவினர் வீட்டில் தங்கிக் காலையில் புறப்பட்டோம். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்தால் வேலணைத் தீவு. அதைத் தாண்டினால் வாணர் பாலம். இரண்டு பக்கமும் ஆழமில்லாக் கடல். தடிகள் நட்டு வலை கட்டியிருந்தார்கள். பாலத்தின் மறுகரைதான் புங்குடுதீவு.

இந்தத் தீவுகளுக்கு இன்னொரு பெயர் வரிசையும் உண்டு. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் ஒவ்வொரு தீவுக்கும் தங்கள் நாட்டு நகரம் ஒன்றின் பெயரைச் சூட்டினர். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. அனலைதீவு ரொட்டர்டாம். வேலணை லெய்டன். நயினாதீவு ஹார்லெம். நெடுந்தீவு டெல்வ்ட், அந்தப் பெயர் மட்டும் இன்றும் வழக்கில் நிலைத்திருக்கிறது. புங்குடுதீவுக்குக் கிடைத்த பெயர் மிடில்பர்க்.

அந்த நகரங்களுக்குப் பின்னால் நடந்தது நம் தலைப்புக்குப் பொருந்துகிறது. இரண்டாம் உலகப் போரில் 1940 மே மாதம், மூன்று நாள் இடைவெளியில் ரொட்டர்டாமின் நடுப்பகுதியும் மிடில்பர்க்கின் நடுப்பகுதியும் அழிந்தன. ரொட்டர்டாம் மக்கள் புதிய பாணியில் கட்டினார்கள். இன்று அது உயர்ந்த கட்டடங்களும் ஐரோப்பாவின் மிகப் பெரிய துறைமுகமும் உள்ள நகரம். மிடில்பர்க் மக்கள் பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டினார்கள். 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தை அதே வெள்ளைத் தோற்றத்தில் மீண்டும் எழுப்பியதும் இந்த இரண்டாம் வகைதான். ‘புதிய நகரம்’, ‘பழைய நகரம்’ என்பவை தாமாக அமைவதில்லை. அழிவுக்குப் பின் அந்த ஊர் மக்கள் எடுக்கும் முடிவும் அதில் இருக்கிறது.

புங்குடுதீவில் அப்படி முடிவெடுக்கப் பெரும்பாலானோர் ஊரில் இல்லை. புங்கை மரங்கள் நிறைந்திருந்ததால் இந்தப் பெயர் வந்தது என்று ஊரவர் சொல்வர். எழுத்தாளர் மு. தளையசிங்கம் (1935–1973) இந்த ஊரவர். நன்னீர்க் கிணறு எல்லாச் சாதியினருக்கும் பொதுவாக வேண்டும் என்று இங்கே போராடியவர். கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உவர் என்பதை அறிந்தால்தான் அந்தப் போராட்டத்தின் கனம் புரியும். மண்ணும் தண்ணீரும் போதாததால் இவ்வூரவர் முன்பிருந்தே கொழும்புக்கும் தென்னிலங்கைக்கும் போய்ச் சாப்பாட்டுக்கடைகளும் பலசரக்குக் கடைகளும் நடத்தினார்கள். பிறகு 1991இல் போர் தீவுக்குள் வந்தபோது ஊரே இடம்பெயர்ந்தது. பலர் இன்று கொழும்பிலும் கனடாவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் வாழ்கிறார்கள். வழியெல்லாம் கூரையில்லாத கல்வீடுகளைக் கண்டேன். சுவர்களுக்குள் மரங்கள் வளர்ந்து, யன்னல் வழியாகக் கிளை நீட்டியிருந்தன.

நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகும் படகுகள் புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்துதான் புறப்படுகின்றன. அதனால் சுற்றுலா வாகனங்கள் இந்தத் தீவின் ஊடாக நிற்காமல் ஓடுகின்றன. நாங்களும் உம்மும்மாவின் கொப்பி இல்லாவிட்டால் நின்றிருக்க மாட்டோம்.

வேம்பு வீட்டைக் கண்டுபிடிக்க ஒன்றரை மணித்தியாலம் ஆயிற்று. வேலியோரம் ஆடு கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா எங்களைப் பார்த்து, “ஆரைத் தேடுறியள் அக்கா?” என்று உம்மும்மாவைக் கேட்டார். உம்மும்மா கொப்பியை நீட்டினார். அவர் வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “உடுப்புக்காரரோ? நான் சின்னப் பிள்ளையில கண்டிருக்கிறன். நீங்கள் தொண்ணூறில வெளிக்கிட்டியள், நாங்கள் தொண்ணூற்றொண்டில” என்றார். வேம்பு வீட்டைக் காட்டினார். சுவர் மட்டும் நின்றது. “அவை வெள்ளவத்தையில இருக்கினம். திருவிழாவுக்கு வருவினம்” என்று சொல்லி இலக்கத்தையும் தந்தார். நான் கிணற்றையும் வேம்பையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்தேன். வேறு ஒன்றும் எடுக்கத் தோன்றவில்லை.

மாலையில் நயினாதீவுக்குப் படகில் போனோம். ஒரு சிறிய தீவில் நாகபூசணி அம்மன் கோயில், நாகதீப விகாரை, பள்ளிவாசல் மூன்றும் இருக்கின்றன. அம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டு முதலாம் பராக்கிரமபாகு மன்னனுடையது (1153–1186). ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசி வணிகரைப் பாதுகாக்க வேண்டும் என்பது அதன் கட்டளை. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. இதை உம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. கொழும்பின் கோபுரத்திலிருந்து பார்த்த கப்பல்களும் கொள்கலன்களும் இன்றைக்கு என்னவோ, அதுதான் 800 ஆண்டுகளுக்கு முன் இந்தக் கடல். ஒரு காலத்தில் உலகம் வந்து இறங்கிய துறை இது. தெற்கே துறைமுகம் வளர, ஆட்களும் அங்கே போனார்கள்.

வெள்ளவத்தையில் ஒரு மாடிவீடு

டிசம்பரில் உம்மும்மாவுடன் மீண்டும் கொழும்புக்குப் போனேன். காலி வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு ஒழுங்கையில், நாலாம் மாடியில் அந்த வீடு. கதவைத் திறந்தவரே அந்தக் கூறைச்சேலைக்குரிய மணப்பெண். இப்போது அவருக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

உம்மும்மா இன்றைய கூறைச்சேலை விலையில் பாதியை ஓர் உறையில் வைத்துக் கொடுத்தார். அவர் மறுப்பார், நாங்கள் வற்புறுத்த வேண்டிவரும் என்று நான் நினைத்தேன். அவர் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். “நான் வேண்டாம் எண்டால் உங்கட மனிசனுக்கெல்லோ பாரம்” என்றார். பிறகு சிரித்துக்கொண்டு, “கலியாணம் பிந்தித்தான் நடந்தது. வேற கடைக் கூறைதான் கட்டினனான். அவர் எடுத்துத் தாற நிறம் நல்லாயிருக்கும்” என்றார். உம்மும்மா பதில் சொல்லவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

தேநீர் குடிக்கும்போது, “எங்கட கிணத்தடி வேம்பு நிக்குதோ பிள்ளை?” என்று கேட்டார். கால்வலியால் சில வருடங்களாகத் திருவிழாவுக்குப் போகவில்லையாம். நான் படத்தைக் காட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். தாமரைக் கோபுரத்தில் நான் எடுத்த நூற்றுக்கு மேற்பட்ட படங்களில் ஒன்றையும் யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

எப்படித் தெரிவுசெய்வது?

இரண்டையும் பார்த்தபின் எனக்குத் தெளிவானது இதுதான். பெருநகரம் என்பது ஆட்கள் போய்ச் சேர்ந்த இடம். பழைய ஊர் என்பது பெரும்பாலும் அவர்கள் புறப்பட்ட இடம். இரண்டும் ஒரே கதையின் பகுதிகள். எனவே எது உயர்ந்தது என்று வாதிடுவதை விட்டு, கை உயர்த்துமுன் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

முதலாவது, இந்த இடத்துக்கு எப்படியும் பிறகு போவோமா? பல்கலைக்கழகம், வேலை, கடவுச்சீட்டு, வைத்தியம் என்று கொழும்பு நம்மை எத்தனையோ முறை அழைக்கும். ஒரு தீவுக்கு யாரும் நம்மை அழைக்கமாட்டார்கள். நாமாகத்தான் போக வேண்டும்.

இரண்டாவது, எது காத்திருக்கும்? கோபுரம் பத்து வருடத்தில் அப்படியே இருக்கும். கூரை போன வீட்டின் சுவர் எத்தனை மாரிக்கு நிற்கும்? “உடுப்புக்காரரோ?” என்று கேட்கக்கூடியவர்கள் இன்னும் எத்தனை வருடம் வேலியோரம் இருப்பார்கள்? இந்தக் கேள்விக்குப் பழைய ஊர்தான் முந்துகிறது.

மூன்றாவது, அங்கே நமக்கு விளக்க யார் இருக்கிறார்? பெருநகரத்தில் அறிவிப்புப் பலகைகள் உண்டு. தனியாகப் பார்த்தும் விளங்கிக்கொள்ளலாம். பழைய இடத்தில் சொல்ல ஆளில்லாவிட்டால் கல் வெறும் கல்தான். வரலாற்று ஆசிரியையோ, ஊரவர் ஒருவரோ, வீட்டு மூத்தவரோ கூட வராத பழைய ஊர்ப் பயணம் மாணவியருக்குச் சலிப்பைத் தரும். அப்படியானால் அந்த முறை கொழும்பையே தெரிவுசெய்வது நல்லது.

நான்காவது, செலவும் பாதுகாப்பும். பெற்றோர் முதலில் கேட்பது இதைத்தான். கொழும்புக்கு ஒரு நாள் போதும், நுழைவுச்சீட்டுகளுக்குத்தான் செலவு. யாழ்ப்பாணத்துக்கும் தீவுகளுக்கும் குறைந்தது இரண்டு இரவுகள் வேண்டும்; செலவு பஸ்ஸுக்கும் தங்குமிடத்துக்கும். தீவில் நிழலும் குடிதண்ணீரும் குறைவு என்பதால் கையோடு தண்ணீர் கொண்டுபோங்கள். படகில் தரும் உயிர்காப்பு அங்கியை அணியாமல் ஏறாதீர்கள். பயணத்தில் ளுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழும் சலுகை உண்டு. எங்கே தொழுவது என்பதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

பூமியில் பயணம் செய்து, முன்பு வாழ்ந்தோர் என்ன ஆனார்கள் என்று சிந்திக்கும்படி அல்குர்ஆன் பல இடங்களில் சொல்கிறது. என் தோழியிடம் இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். “அப்ப நான் பார்த்த துறைமுக நகரமும் ஒருநாள் பழைய ஊராகும் என்ன?” என்று கேட்டாள். ஆகும் என்றேன். பரீட்சை முடிந்ததும் என்னோடு புங்குடுதீவுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். பாலங்களை எப்படிக் கட்டினார்கள் என்று பார்க்க வேண்டுமாம்.

அடுத்த தவணையில் எங்களுக்குப் பின்னால் வரும் வகுப்பு வெண்பலகையில் கோடு கீறும். தங்கைமாரே, அதற்கு முதல்நாள் இரவு உங்கள் வீட்டு மூத்தவரிடம் போய், “நீங்க எந்த ஊர்ல இருந்து வந்தீங்க? அங்க யாருக்காவது ஏதும் கொடுக்க வேண்டியது இருக்கா?” என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் ஊரின் பெயரையும் வெண்பலகையில் எழுதச் சொல்லுங்கள். பிறகு கை உயர்த்துங்கள்.